வீட்டில் பூனை உண்டா?

அக்டோபர் 12, 2025, ஞாயிறு

கணினியில் சிக்கல் என்றால் டெலிகிராமில் என்னிடம் கேட்பார்கள். இரவு பத்தரைக்கு ஒரு தம்பி. கல்லூரியில் கடைசி வருடம். "அண்ணா, கீபோர்டு செத்துப்போச்சு. நாளைக்கு ப்ராஜெக்ட் சப்மிட் பண்ணணும்." மவுஸ் ஓடுகிறது, சார்ஜ் ஏறுகிறது, எழுத்து மட்டும் விழவில்லை. எதையாவது ஒரு எழுத்தை விடாமல் அழுத்திப் பிடிக்கச் சொன்னேன். "வருதுண்ணா! ஒரு செகண்டு பிடிச்சா வருது!"

வீட்டில் பூனை உண்டா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம் ஒரு போட்டோ வந்தது. செம்பட்டைப் பூனை ஒன்று, கீபோர்டின் வலது பாதியில் உடம்பைப் பரப்பி, தலையை டச்பேடுக்குத் தொங்கவிட்டுத் தூங்குகிறது.

விண்டோஸில் வலது ஷிப்டை எட்டு நொடி அழுத்திப் பிடித்தால் 'பில்டர் கீஸ்' வேண்டுமா என்று கேட்கும். ஆம் என்று சொல்ல எண்டர் போதும். அது ஷிப்டுக்கு நேர் மேலேயே இருக்கிறது. கை நடுங்குகிறவர்களுக்காக வைத்த வசதி. லேசாகப் பட்டதைக் கணக்கில் எடுக்காது, அழுத்திப் பிடித்தால்தான் எழுத்து. மறுபடி எட்டு நொடி பிடிக்கச் சொன்னேன், அணைந்துவிட்டது. பூனையை எழுப்பினாயா என்றால், "இல்லண்ணா, வாலை மட்டும் தள்ளி வச்சேன்" என்கிறான்.

அக்டோபர் 14, செவ்வாய்

விண்டோஸ் 10-க்கு இன்றோடு ஆதரவு முடிகிறது. காலையிலிருந்து ஒரே கேள்வி: நாளைக்கு லேப்டாப் ஆன் ஆகுமா? ஆகும். பாதுகாப்பு அப்டேட் வராது, அவ்வளவுதான். வீட்டு உபயோகத்துக்குப் பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் வரை அதுவும் வரும். செட்டிங்ஸில் அப்டேட் பக்கத்திலேயே அதற்கான இணைப்பு இருக்கிறது.

எட்டுக்கு அப்புறம் ஒன்பதை விட்டுவிட்டுப் பத்துக்குத் தாவினார்களே, ஏன் என்று ஒருவர் கேட்டார். குறுக்கே பூனை போயிருக்கும் என்றேன்.

அக்டோபர் 17, வெள்ளி

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு ஆசிரியை. புதுக் கணினி வாங்கி, பழைய வினாத்தாள்களை அதில் ஏற்றியிருக்கிறார். "தம்பி, ஒண்டும் விளங்கேல்லை. எங்கட பூனை ஏறி நடந்த மாதிரிக் கிடக்கு."

அனுப்பிய படத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. ஜே, கே, பி, ஓ, பக்கத்தில் ஒரு அரைப்புள்ளி. 'பாமினி' என்ற பழைய தமிழ் எழுத்துருவில் 'தமிழ்' என்று அடித்தால் கோப்புக்குள் இருப்பது இதுதான். ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் உருவத்தை வரைந்து வைத்த எழுத்துரு அது. எழுத்துரு இல்லாத கணினிக்குப் போனால் வேஷம் கலைந்துவிடும். பாமினியை நிறுவியதும் எல்லாம் படிக்க வந்துவிட்டது. அப்படியே விடாமல் ஒவ்வொன்றாக, எந்தக் கணினியிலும் தமிழாகவே தெரிகிற யூனிகோடுக்கு மாற்றி வையுங்கள் என்று வழி சொன்னேன். "பூனையில பழி போட்டிட்டன், பாவம்" என்று எழுதினார்.

அக்டோபர் 19, ஞாயிறு

நாளை தீபாவளி. வெளியே வெடிச்சத்தம். ஓய்வுபெற்ற ஒருவர் எழுதினார்: திரை முழுக்கச் சிவப்பு, 'உங்கள் கணினி பூட்டப்பட்டது, இந்த எண்ணை அழையுங்கள்' என்று வந்ததாம். அது வெறும் இணையப் பக்கம். எஸ்கேப்பை அழுத்திப் பிடித்தால் முழுத்திரை விலகும், பிரௌசரை மூடினால் போய்விடும். ஆனால் அவர் எழுதிய விதத்தில் ஏதோ இடித்தது. போன் செய்தீர்களா சார்? இல்லை. ஏதாவது இன்ஸ்டால் செய்தீர்களா? இல்லவே இல்லை.

அப்படியென்றால் இரவு ஒன்பது மணிக்கு, முன்பின் தெரியாத என்னிடம், "வங்கிக் கணக்கை எப்படி மூடுவது" என்று ஏன் கேட்க வேண்டும்?

இந்த மாதிரி நேரத்தில் 'என்ன செய்தீர்கள்' என்று திரும்பத் திரும்பக் கேட்டால் போலீஸ் விசாரணை மாதிரி ஆகிவிடும். ஆள் வாயை மூடிக்கொள்வார். அதனால், "சார், வீட்டில் பூனை உண்டா? அது ஏதாவது இன்ஸ்டால் பண்ணிச்சா?" என்று போட்டேன்.

'டைப்பிங்' என்று காட்டியது, நின்றது, மறுபடி காட்டியது. கடைசியில் வந்தது: "பூனைதான் தம்பி. ஓடிபியும் சொல்லிடுச்சு."

பாக்கியெல்லாம் வேகமாக நடந்தது. முதலில் வைஃபை இணைப்பைத் துண்டிக்கச் சொன்னேன். வேறொரு போனிலிருந்து, கார்டின் பின்னால் அச்சிட்ட எண்ணுக்குக் கூப்பிட்டு கார்டையும் நெட்பேங்கிங்கையும் நிறுத்தச் சொன்னேன். அப்புறம் இணைய மோசடிப் புகாருக்கான 1930. ஓடிபியை நாமே சொல்லிவிட்டால், வங்கியிடம் புகார் கொடுக்கும்வரை போன பணம் நம் தலையில். கொடுத்த பிறகு போனால் வங்கி பொறுப்பு. ரிசர்வ் வங்கி 2017-லேயே சொல்லிவைத்த விதி. அதனால்தான் அவசரம். பதினோரு மணிக்குப் புகார் எண் வந்தது. மகனிடம் சொல்ல வேண்டாம் என்றார். நான் யாரிடம் சொல்லப்போகிறேன்?

அங்கிருந்தே என் கணினிக்குள் வந்து பார்க்கிறாயா, அனுமதி தருகிறேன் என்றார். மாட்டேன் என்றேன். முகம் தெரியாத ஒருவனுக்குக் கதவைத் திறந்துதான் இவ்வளவும்; இரண்டாவது ஆளாக நான் எதற்கு? தெருவில் தெரிந்த கடைக்காரரிடம் கொடுத்து, கோப்புகளைப் பத்திரப்படுத்தி, விண்டோஸைப் புதிதாகப் போடச் சொல்லியிருக்கிறேன்.

அக்டோபர் 23, வியாழன்

"தினமும் ஷட்டவுன் பண்றேன், அப்பவும் ஸ்லோ" என்றார் ஒரு அக்கா. டாஸ்க் மேனேஜரில், கணினி எவ்வளவு நேரமாக விழித்திருக்கிறது என்று காட்டும் 'அப் டைம்' பார்க்கச் சொன்னேன்: 26 நாள். 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்' இருந்தால் ஷட்டவுன் என்பது பாதித் தூக்கம்தான், ரீஸ்டார்ட்தான் முழுசாக எழுப்பும். பூனைத் தூக்கமா என்று கேட்டார். அதேதான்.

பூனை கீபோர்டில் நடந்தால் கண்டுபிடிக்க 'பாசென்ஸ்' என்றே ஒரு மென்பொருள் உண்டு. அதைச் செய்த அரிசோனாக்காரர் கிறிஸ் நிஸ்வாண்டருக்கு 2000-ல், சிரிக்க வைக்கும் ஆராய்ச்சிகளுக்குத் தருகிற இக் நோபல் பரிசு கொடுத்தார்கள். இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை.

அக்டோபர் 26, ஞாயிறு

பெரியவர் மறுபடி வந்தார். கார்டு நிறுத்தப்பட்டதால் மோசடிக்காரர்கள் இரண்டாவது தடவை பணம் எடுக்கப் பார்த்தது நடக்கவில்லை. முதலில் போன பணம் இன்னும் திரும்பவில்லை. வங்கியில் எழுத்து மூலம் கேட்கிறார்களாம். தேதி, நேரம், தொகை, புகார் எண், எப்போது வங்கிக்குத் தெரிவித்தார் என்று வரிசையாக ஒரு கடிதம் தட்டி அனுப்பினேன்.

"ஓடிபி சொன்னது பூனைன்னு போடவா தம்பி?"

"வேண்டாம் சார். அதுக்கு ஆதார் கேப்பாங்க."