ஸ்டேப்ளர் ப்ராஜெக்ட் வைவா: தகைவை விடுங்கள், இடைவெளியைக் கணக்கிடுங்கள்

எம்.இ. வடிவமைப்புப் பிரிவின் இறுதிப் பருவ முடிவு வந்துவிட்டது. ப்ராஜெக்டுக்கு ஓ கிரேடு. அறுவை சிகிச்சை ஸ்டேப்ளரை (திசுவை இரு தாடைகளுக்கிடையே பிடித்து, சிறு உலோக ஸ்டேப்பிள்களால் தைத்து, நடுவே வெட்டும் கருவியை) ப்ராஜெக்ட் தலைப்பாக எடுத்திருக்கும் திருநெல்வேலி வட்டாரத்து இளையவர்கள் சிலர் தொடர்ந்து விசாரிப்பதால், நினைவு மங்குவதற்குள் எழுதி வைக்கிறேன். “இது மருத்துவம், இதில் மெக்கானிக்கல் எங்கே இருக்கிறது?” என்று முதல் மதிப்பாய்விலேயே தலைப்பை மாற்றச் சொன்ன குழுவின் மீது எனக்கு இன்னும் மனத்தாங்கல் உண்டு.

இந்தக் கருவியில் வலிமையைவிட விறைப்புதான் பெரிய சிக்கல். வகுப்பில் எல்லோரும் வான் மிசஸ் தகைவின் (பொருள் சுமையைத் தாங்குமா என்று காட்டும் உள்விசை அளவின்) வண்ணப் படங்களால் அறிக்கையை நிரப்பினார்கள். நானும் நான்கு பக்கம் வைத்திருந்தேன். வெளித்தேர்வாளர் அவற்றைப் புரட்டிவிட்டு, “முழுச் சுமையில் தாடை நுனியில் இடைவெளி எவ்வளவு?” என்று மட்டும் கேட்டார். அதன் பிறகு வைவா (வாய்மொழித் தேர்வு) முழுவதும் அந்தக் கேள்வியைச் சுற்றியே நடந்தது.

காரணம் எளிது. ஸ்டேப்பிளின் இரு கால்களும் ஆன்வில் எனப்படும் எதிர்த்தாடையின் குழிகளில் மோதி, ஆங்கில ‘பி’ எழுத்தின் வடிவில் சுருள வேண்டும். நீலக் கார்ட்ரிட்ஜில் (ஸ்டேப்பிள்கள் அடுக்கிய மாற்றுப் பெட்டியில்) 3.5 மி.மீ. கால் மூடிய நிலையில் 1.5 மி.மீ. உயரத்துக்கு வர வேண்டும். மெல்லிய திசுக்களுக்கான வெள்ளையில் 2.5 மி.மீ. கால் 1.0 மி.மீ. உயரத்துக்கு வர வேண்டும். இடைவெளி கூடினால் கால் சுருளாமல் கசிவு ஏற்படும். குறைந்தால் திசு நசுங்கி இரத்த ஓட்டம் நின்றுவிடும். ஆன்வில் முறிவதற்கு வெகு முன்பே, அது சற்று வளைந்தாலே கருவி தோற்றுவிடுகிறது.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. ஆன்விலை வெறும் நெடுங்கை விட்டமாக (ஒரு முனை மட்டும் பிடிக்கப்பட்ட கான்டிலீவர் பீமாக) கொண்டால், நுனிச் சுமையில் விலகல் நீளத்தின் மும்மடிக்கு நேர்விகிதத்தில் கூடும். அதே குறுக்குவெட்டில் 45 மி.மீ. தாடையை 60 மி.மீ. ஆக்கினால் விலகல் ஏறத்தாழ 2.37 மடங்காகும். ஆனால் கத்தியோடு சேர்ந்து முன்னேறும் ஐ-பீம் (ஆங்கில ‘ஐ’ வடிவத் துண்டு), ஸ்டேப்பிள் உருவாகும் இடத்துக்கு அருகிலேயே இரு தாடைகளையும் பற்றிக்கொள்கிறது. ஆகவே ஐ-பீம் உள்ள கருவியில் இடைவெளியை முதன்மையாக ஆள்வது அந்த ஐ-பீமின் இரு விளிம்புகளுக்கும் இடைப்பட்ட உயரமும் அதன் டாலரன்ஸும் (அனுமதிக்கும் அளவு வேறுபாடும்) தான்; ஐ-பீம் இன்னும் எட்டாத நுனிப்பகுதியில் மட்டும் திசுவின் எதிர்விசை தாடையைத் திறக்கப் பார்க்கும். இந்த இரண்டு நிலைகளையும் பிரித்துச் சொன்னதும் தேர்வாளர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

எனக்குக் கூட்டத்தில் பேச்சு வராது. ஆகவே தாளை நம்பினேன். ஒரே ஏ4 தாளில் இடைவெளிக் கணக்கை எழுதிக்கொள்ளுங்கள்: ஐ-பீம் உயரம், ஆன்வில் தடிமன், குழியின் ஆழம், கார்ட்ரிட்ஜ் இருக்கை, அடித்தாடை. ஐந்தும் தலா ±0.02 மி.மீ. என்றால், மோசமான நிலையில் ±0.10, வர்க்கக் கூட்டின் மூலத்தில் (ஐந்தும் ஒரே பக்கம் பிழைக்காது என்று கொள்ளும் கணக்கில்) ஏறத்தாழ ±0.045. எதை எடுத்தீர்கள், ஏன் என்பதற்கும் விடை வைத்திருங்கள். சரளமாகப் பேசுபவர்களுக்கு இந்தத் தாள் தேவைப்படாது என்று நண்பன் சொல்கிறான், நான் ஒப்புக்கொள்ளவில்லை.

பேட்டையில் ஒயர்-கட் (மின்கம்பியால் உலோகம் வெட்டும்) வேலை செய்துகொடுத்த அண்ணாச்சி, வரைபடத்தைப் பார்த்ததும், “தம்பி, படத்துல அஞ்சு மைக்ரான்னு போட்டிருக்கிய, அத அளக்கதுக்கு நம்மட்ட என்ன இருக்கு?” என்றார். அளக்க முடியாத டாலரன்ஸை வரைபடத்தில் எழுதாதீர்கள்; தேர்வாளரும் அதையே வேறு சொற்களில் கேட்டார்.

கேட்கப்பட்டவையும் கேட்கப்படக்கூடியவையும்:

– டைட்டானியக் கம்பி ஏன் அதிகம் மீள்கிறது? அதன் மீட்சிக் குணகம் துருப்பிடிக்காத எஃகினுடையதில் ஏறத்தாழ பாதி. குழி வடிவத்தில் அந்த மீட்சிக்கு இடம் விட வேண்டும்.
– காலியான கார்ட்ரிட்ஜுடன் மருத்துவர் மீண்டும் இயக்கினால்? கத்தி வெட்டும், தையல் விழாது. கத்தியை முன்னேற விடாத பூட்டு அமைப்பை விசைப் படத்துடன் விளக்குங்கள்.
– வரலாறு: முதல் அறுவை சிகிச்சை ஸ்டேப்ளர், 1908, புடாபெஸ்ட், ஹியூமர் ஹுல்ட்ல். மூன்றரைக் கிலோவுக்கு மேல் எடை. ஒரு வரி போதும்.
– நம்பகத்தன்மை ஏன் முக்கியம்? அமெரிக்க மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.வுக்கு இந்த ஸ்டேப்ளர்கள் பற்றி 2011 முதல் 2018 வரை 41,000-க்கும் மேற்பட்ட பாதக அறிக்கைகள் வந்தன. அவற்றில் 366 மரணம் தொடர்பானவை. உட்பயன்பாட்டு ஸ்டேப்ளர்கள் 2021-இல் அதன் ஆபத்து வகைப்பாட்டில் முதல் வகுப்பிலிருந்து இரண்டாம் வகுப்புக்கு மாற்றப்பட்டன.

சோதனைக்கு ரப்பர் தாளை மட்டும் நம்பாதீர்கள். மேலப்பாளையம் கறிக்கடையில் ஆட்டுக் குடல் கிடைக்கும், அன்றே பயன்படுத்துங்கள். தாடையை மூடிப் பிடித்திருந்தால் திசுவிலிருந்து நீர் விலகி எதிர்விசை மெல்லத் தணிவதை அதில் காணலாம். இயக்குவதற்கு முன் மருத்துவர்கள் சில வினாடிகள் காத்திருப்பதன் காரணம் அதுவே. ரப்பரில் அந்தத் தணிவு அதே அளவில் தெரியாது. தையலிட்ட குடலுக்குள் வண்ண நீரை ஏற்றி, கசிவு தொடங்கும் நீர்மட்ட உயரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த அளவுகளை இடைவெளி அளவுகளுக்கு எதிரே ஒரே வரைபடமாக வரைந்து, தகைவுப் படங்களுக்கு முன்னால் வையுங்கள்.