மஞ்சள் சேலை, வயது 74

"பேரு வேணாம்ணே" என்று அந்தத் தம்பி சொன்னதும், துண்டுச்சீட்டில் எழுதியிருந்த பெயரை நான் அடித்துவிட்டேன். நீலப் பேனாவில் இரண்டு கோடு. ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. காரணத்தை அவராகத்தான் சொன்னார்: "எங்க ஊர்க்காரங்க பாதிப் பேரு இங்கதான்ணே பஸ் ஏறுவாங்க. பெத்த தாயைத் தொலைச்சுட்டு நிக்கிறான்னு பேசுவாங்க."

பேருந்து நிலையத்தில் மைக் முன்னால் உட்கார்ந்து பதினோரு வருடம் ஆகிறது. ஜவுளிக்கடை விளம்பரம், நகைக்கடை விளம்பரம், நடுவில் திருச்சி வண்டி, தேனி வண்டி. அதற்கும் நடுவில்தான் பர்ஸைக் காணோம், பிள்ளையைக் காணோம், பெரியவரைக் காணோம். விளம்பரத்துக்குக் காசு உண்டு. காணாமல் போனவர்களுக்குக் காசு கிடையாது. அதனால் விளம்பரம் முடியும்வரை அவர்கள் நிற்க வேண்டும். அந்தத் தம்பியும் நின்றார்.

"புத்தி கொஞ்சம் சரியில்லண்ணே. அதையும் சொல்லிருங்க. அப்பத்தான் நாலு பேரு புடிச்சு உக்கார வைப்பாங்க" என்றார். நியாயமாகத்தான் பட்டது. மைக்கில் சொன்னேன்: "பயணிகளின் அன்பான கவனத்திற்கு. மஞ்சள் நிறச் சேலை அணிந்த, சற்று மனநிலை பாதிக்கப்பட்ட, 74 வயது மதிக்கத்தக்க மூதாட்டி ஒருவரைக் காணவில்லை." 'சற்று' என்பது நான் சேர்த்தது. ஒரு மரியாதைக்கு. மூன்று தடவை சொன்னேன்.

பாட்டி மறுநாள் மத்தியானம் நத்தத்தில் கிடைத்துவிட்டார். ராத்திரி பஸ்ஸை விட்டு இறங்கி முழித்துக்கொண்டிருந்தவரை ஒரு டீக்கடைக்காரர் உட்கார வைத்து, பேர் கேட்டிருக்கிறார். பேர் சொன்னாராம். அப்பா பேரும், பிறந்த ஊரும் சொன்னாராம். இப்போது இருக்கும் வீடுதான் தெரியவில்லை. ஒரு சேதாரமும் இல்லை. கதை அத்தோடு முடிந்திருக்க வேண்டும்.

மூன்று நாள் கழித்து, பிளாட்பாரத்தில் சுண்டல் விற்கிற அக்கா டீ குடிக்கும்போது சொன்னார்: "அந்தம்மா என் பக்கத்துலதானே உக்காந்திருந்துச்சு. நீங்க மைக்குல சொன்னதக் கேட்டுட்டு, 'யாரு பெத்த புள்ளையோ, பாவம், புத்தி பிசகிப் போயி எங்கிட்டு அலையிறாளோ'ன்னு சொல்லிச்சு. அப்புறம் பஸ் வந்துச்சு, ஏறிருச்சு."

நீங்களாவது கவனித்திருக்கக் கூடாதா என்று கேட்டேன். கோபம் வந்துவிட்டது அவருக்கு. "நீங்க மஞ்சச் சேலைன்னீங்க. அது கட்டியிருந்தது மாம்பழக் கலரு."

ஆண்பிள்ளைகள் சேலைக்கு நிறம் சொன்ன லட்சணம். அதை விடுங்கள். என்னை அரிக்கிறது மற்றது. அந்த அம்மா தன்னைத் தேடும் அறிவிப்பை முழுசாகக் கேட்டு, தனக்காகவே இரக்கப்பட்டு, எழுந்து போயிருக்கிறார். என் குரல் எட்டாமல் இல்லை. நன்றாகவே எட்டியது.

இளவட்டத்தில் சித்திரைத் திருவிழாவுக்கு வைகைக் கரையில் மைக் செட்காரரோடு நின்றுதான் இந்தத் தொழிலைக் கற்றேன். அங்கே அறிவிப்பு வேறு மாதிரி. "சோழவந்தானிலிருந்து வந்திருக்கும் இன்னார் எங்கிருந்தாலும் உடனே வரவும், உங்கள் மகன் இங்கே காத்திருக்கிறார்" என்போம். தொலைந்தவரைப் பார்த்தே பேசுவோம். பேருந்து நிலையத்துக்கு வந்த பிறகு எப்போது நான் கூட்டத்தைப் பார்த்துப் பேச ஆரம்பித்தேன் என்று யோசிக்கிறேன். பிடிபடவில்லை.

இந்தச் சம்பவத்துக்குப் பிறகு மகளின் போனை வாங்கிக் கொஞ்சம் தேடிப் படித்தேன். அமெரிக்காவில் பல மாநிலங்களில் 'சில்வர் அலர்ட்' என்று ஒன்று இருக்கிறது. மறதி நோயுள்ள பெரியவர் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டால் நெடுஞ்சாலை மின்பலகையில் கார் விவரம் ஓடும். ஜப்பானில் பேரிடர் எச்சரிக்கைக்கு வைத்த ஒலிபெருக்கியிலேயே பெரியவரின் வயது, உயரம், உடுத்தியிருக்கும் துணி என்று ஊருக்குச் சொல்கிறார்கள். அங்கே 2023-இல் மட்டும் மறதி நோயோடு காணாமல் போனதாகப் போலீஸுக்கு வந்த புகார்கள் 19,039. அவ்வளவு கூட்டத்தைத் தேட ஊரைத்தான் கூப்பிட வேண்டும், ஒத்துக்கொள்கிறேன். இங்கேயும் அதே 2023 அக்டோபரில் சோதனை அலர்ட் என்று எல்லார் போனும் ஒரே நேரத்தில் அலறியதே, அப்படி ஒன்று பெரியவர்களுக்காக வந்தால் நல்லதுதான். ஆனால் அதுவும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம்தான் பேசும்.

14567 என்று முதியோர் உதவி எண் இருக்கிறது. காலை 8 முதல் இரவு 8 வரை. அந்தத் தம்பி வந்தபோது மணி 9 தாண்டியிருந்தது. புறக்காவல் நிலையத்துக்கு அவரை அனுப்பினேன், அவரும் போனார். நான் செய்யாமல் விட்டது என்று பார்த்தால் ஒரு பெயர்தான். அதையும் பெற்ற பிள்ளையே வேண்டாம் என்கிறபோது நான் யார்? நாளைக்கு அவர் வந்து, என் குடும்ப மானத்தை மைக்கில் ஏற்றிவிட்டாய் என்று சட்டையைப் பிடித்தால் எனக்கு யார் இருக்கிறார்கள்? இப்படிச் சொல்லிக்கொண்டால் இரண்டு நாள் தூக்கம் வரும். மூன்றாவது நாள் அந்த நீலக் கோடு வந்துவிடும்.

சரி, இனிமேல் பெயரில்லாமல் அறிவிப்பதில்லை என்று வைத்துக்கொண்டேன். இரண்டு மாதம் ஒழுங்காகப் போனது. அப்புறம் ஒரு பெரியவர். பெயர், ஊர், "உங்கள் மகள் காத்திருக்கிறார்" எல்லாம் திருவிழா பாணியில் சொன்னேன். முடித்துவிட்டு எனக்கே திருப்தியாக இருந்தது. அவர் பெயரைக் கேட்டதும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எதிர்ப்பக்க வாசல் வழியாக நடந்திருக்கிறார். ஆட்டோ ஸ்டாண்டில் பிடித்துக் கூட்டி வந்தார்கள். என் ஜன்னலுக்கு முன்னால் வைத்தே மகளைக் கேட்டார்: "ஊரக் கூட்டி என் மானத்த வாங்குறியா?" அவருக்கு மறதி இருந்ததா என்றே எனக்குச் சந்தேகம். வீட்டைவிட்டுப் போக நினைத்திருக்கலாம். அப்படியென்றால் நான் யாருக்காக மைக்கைப் பிடித்தேன்?

போன வாரம் ஒரு குடும்பம் வந்தது. பாட்டியைக் காணோம். சீட்டில் பெயர் எழுதிக்கொண்டேன். எழுதிவிட்டு, முன்பு யாரிடமும் கேட்காத ஒன்றைக் கேட்டேன்: "பேரச் சொன்னா வருவாங்களா, போயிருவாங்களா?"

நான்கு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரும் வாய் திறக்கவில்லை. அதற்குள் நகைக்கடை விளம்பரம் முடிந்துவிட்டது.