தொட்டாற்சுருங்கியில் தொடங்கிய பாடம்

எங்கள் பழைய மாணவர் சங்க மலருக்கு எழுதுகிறவர்கள் பிக் மச் கிரிக்கெட்டையும் விடுதிச் சாப்பாட்டையும் விடமாட்டார்கள். ஆரம்பப் பிரிவைப் பற்றி எழுதத்தான் ஆள் இல்லை. எனவே 1992இல், இரண்டாம் ஆண்டில், எங்களுக்குச் சுற்றாடல் படிப்பித்த ரீச்சரைப் பற்றி எழுதுகிறேன்.

போரால் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லாத காலம். பொருளாதாரத் தடையால் சவர்க்காரம், பற்றரி எல்லாம் அருமை. பனம்பழக் களி போட்டு உடுப்புத் தோய்த்தோம். வகுப்பில் மாட்ட ஒரு படம்கூட இல்லை. ஐம்புலன்களைப் படிப்பிக்க ரீச்சர் கொண்டுவந்தது ஓர் உமல்தான், பனையோலைப் பை.

முதல் நாள் அதையும் திறக்கவில்லை. வேலியோரம் கூட்டிப்போய்த் தொட்டாற்சுருங்கியைத் தொடச் சொன்னார்.

"பாத்தீங்களே, இதுக்குக் கண்ணுமில்லை, காதுமில்லை. ஆனா நீங்கள் தொட்டது தெரிஞ்சிட்டுது."

பிறகுதான் உமல். கண்ணைக் கட்டிக்கொண்டு கையை விடவேண்டும். புன்னைக்கொட்டை, சோகி, தும்பு, காய்ந்த பீர்க்கங்காய்க் கூடு. பெயர் சொன்னால் ஆட்டம் இழப்பு. வழுவழு, சொரசொர என்று கைக்குத் தெரிந்ததைத்தான் சொல்லவேண்டும். அடுத்து இரண்டு ஈர்க்கைச் சற்றே இடைவெளி விட்டுப் பிடித்து விரல் நுனியில் வைத்தார். "ரெண்டு" என்றோம். அதே இடைவெளியில் முதுகில் வைத்தபோது "ஒண்டு" என்று சத்தியம் பண்ணினோம். தோலிலும் கெட்டிக்காரத் தோல், மந்தத் தோல் உண்டு என்று அன்று விளங்கியது.

சுவைக்கு நெல்லிக்காய். தின்றபின் கிணற்றுத் தண்ணீரைக் குடித்தால் இனித்தது. மூக்கைப் பொத்திக்கொண்டு பனங்கட்டியைச் சப்பினால் வெறும் இனிப்பு. கையை எடுத்தவுடன்தான் அது பனங்கட்டி. நாக்கோடு மூக்கையும் இப்படியே முடித்துவிட்டார். நுனியில் இனிப்பு, ஓரத்தில் புளிப்பு என்று நாக்குக்குக் காணி பிரித்த படமொன்று பல காலம் பாடநூல்களில் இருந்தது. அது பிழை; எல்லாச் சுவையும் நாக்கில் எங்கும் தெரியும். எங்களிடம் படம் இல்லாமல் போனது ஒருவகையில் நல்லதே.

கண்ணுக்கு அதிக நேரம் செலவழிக்கவில்லை. காது கடைசியாக வந்தது. உற்றறிதல், நா, மூக்கு, கண், செவி என்ற இந்த ஒழுங்கு தொல்காப்பிய மரபியலில் உள்ளது என்று ஏ.எல். (உயர்தரம்) படிக்கும்போதுதான் கண்டேன். புல்லும் மரமும் அங்கே ஓரறிவு உயிர்கள். ரீச்சர் தெரிந்துதான் வேலியில் தொடங்கியிருக்கிறார்.

காதுப் பாடத்தில் எங்களுக்கு ஒன்றும் படிப்பிக்கத் தேவையில்லை என்றே நினைத்தோம். வானில் வருவது ஹெலிகொப்டரான ஹெலியா, குண்டுபோடும் பொம்மரா, அவ்ரோ விமானமா என்று புள்ளியாய்த் தெரியுமுன்னே சொல்லுகிற பிள்ளைகள் நாங்கள். பங்கருக்குள் (பதுங்குகுழிக்குள்) ஓடுவதா, விளையாட்டைத் தொடருவதா என்பதைக் காதுதான் முடிவுசெய்தது. ரீச்சர் கண்ணை மூடச் சொன்னார். "மேல கேக்கிறது வேண்டாம். கீழ கேக்கிறதை மட்டும் சொல்லுங்கோ."

கொஞ்ச நேரம் ஒருவருக்கும் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு ஒவ்வொன்றாய் வந்தது. கிணற்றுத் துலா கிறீச்சிடுவது, எங்கோ மா இடிப்பது, செண்பகம், சைக்கிள் செயின், பக்கத்துப் பெடியனின் மூக்குறிஞ்சல்.

பின்வாங்கில் இருந்த ஒருவன் மட்டும் எழும்பினான். "ரீச்சர், ஹெலியும் காதாலதானே கேக்குது? அதையேன் சொல்லக் கூடாது?"

ரீச்சர் சிரித்துவிட்டு அவனுக்கும் சரி போட்டார். அந்தப் பின்வாங்குப் பெடியன்தான் இன்று எங்கள் சங்கப் பொதுக்கூட்டத்தில் கணக்கறிக்கை வாசித்து முடிக்குமுன்னே எழும்பிக் கேள்வி கேட்பவர்.