தூக்குவாளியும் சனிக் கிரகமும்

காரைக்குடி வீட்டில் ஊஞ்சல் பலகையைக் கழற்றி ஒரு வருஷமாகிறது. பர்மாத் தேக்கு உத்திரத்தில் வளையம் மட்டும் மிச்சம். அதில் தூண்டில் நரம்பைக் கட்டி, அப்பத்தாவின் பித்தளைத் தூக்கில் மணல் நிரப்பித் தொங்கவிட்டேன். புவியீர்ப்பு முடுக்கத்தை, அதாவது விழும் பொருளின் வேகம் நொடிக்கு எவ்வளவு கூடுகிறது என்பதை, வீட்டிலேயே அளந்துவிடுவது என்று முடிவு.

முதல் நாள்: நரம்பின் நீளம் 2.38 மீட்டர். தரையில் ஓர் ஆத்தங்குடிக் கல் அளவுக்கு மட்டும் இழுத்து விட்டேன். அதிகம் இழுத்தால், நீளத்தையும் ஆட்ட நேரத்தையும் வைத்து முடுக்கத்தைச் சொல்லும் ஊசல் சூத்திரம் பிசகும். 20 ஆட்டத்துக்கு 63.5 நொடி. கணக்குப் போட்டால் 9.32 மீ/நொடி². வரவேண்டியது 9.78. எண்ணியதில்தான் பிழை என்று நாலு தடவை திரும்ப எண்ணினேன். அதே 63.5.

இரண்டாம் நாள் காலையில்தான் உறைத்தது. முடிச்சு வரை அளந்திருக்கிறேன்; அளக்க வேண்டியது மணலின் நடு வரை. இன்னும் 12 சென்டிமீட்டர். 2.50 என்று போட்டதும் 9.79 வந்தது. அப்பாடா!

“மணலைப் பாதி கொட்டிட்டா வெரசா ஆடும்ல?” என்றார் அப்பத்தா. எடைக்கும் வேகத்துக்கும் சம்பந்தமில்லை என்று பெரிய ஆள் மாதிரி சொல்லிவிட்டுக் கொட்டினேன். 64 நொடி! வெரசாக இல்லை, இன்னும் மெதுவாக. எடை குறைந்ததால் அல்ல. பாதி மணலின் நடு இன்னும் நாலு சென்டிமீட்டர் கீழே போய்விட்டது, அவ்வளவுதான்.

கோள்களிலும் இந்த நடுதான் ஆளை ஏமாற்றுகிறது. சனியின் நிறை பூமியைப் போல 95 மடங்கு. ஆனால் அதன் மேகத்தின் மேல்மட்டம் மையத்திலிருந்து பூமியின் ஆரத்தைப் போல ஒன்பது மடங்குக்கு மேல் தள்ளி இருக்கிறது. தூரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் 95-ம் கரைந்து, ஈர்ப்பு 10.4-தான். நிற்கத் தரையே இல்லாத அங்கே என் தூக்கு 20 ஆட்டத்தை 61.6 நொடியில் முடிக்கும். காரைக்குடிக்கும் சனிக்கும் இரண்டே நொடி வித்தியாசம்! நிலாவில் 156 நொடி.

பூமியிலேயே ஊருக்கு ஊர் இது மாறும். 1672-இல் பிரெஞ்சு வானியலாளர் ழான் ரிஷே பாரிஸிலிருந்து ஊசல் கடிகாரத்தைத் தென் அமெரிக்காவில் நிலநடுக்கோட்டுக்கு அருகே உள்ள கயென்னுக்குக் கொண்டுபோனார். அங்கே அது நாளுக்கு இரண்டரை நிமிஷம் பின்தங்கியது. நிலநடுக்கோட்டுப் பக்கம் பூமி புடைத்திருக்கிறது, சுழற்சியின் வேகமும் அங்கேதான் அதிகம்; இரண்டும் ஈர்ப்பைக் குறைக்கும். நம்மூர் 9.78-ஆக இருப்பதும் அதனால்தான், பாரிஸில் 9.81.

வியாழன் கணக்கில் 40 நொடி வந்தது. சரிபார்க்கலாமென்றால், தூக்கைக் கழுவி வெயிலில் கவிழ்த்தாயிற்று.