உடம்புக்குள் இருக்கிற பீஸ் என்ன உலோகம்?

2009 இறுதிப் போரில் முள்ளிவாய்க்காலால் வந்தவர்களில் எத்தனையோ பேர் இன்னமும் செல் பீஸையோ (வெடித்த எறிகணையின் துண்டு) துப்பாக்கிச் சன்னத்தையோ உடம்புக்குள் வைத்துக்கொண்டுதான் தோட்டம் செய்கிறார்கள், கடலுக்குப் போகிறார்கள், பிள்ளை பெறுகிறார்கள். எடுத்தால் ஆபத்து, இருக்கட்டும் என்று அப்போது சொன்னதோடு பேச்சு முடிந்துவிட்டது. அது என்ன உலோகம் என்று யாரும் கேட்பதில்லை. கட்டாயம் கேட்க வேண்டும்.

உலோகம் எல்லாமே நஞ்சு இல்லை. வளர்ந்த ஒருவரின் உடம்பில் 3 முதல் 4 கிராம் வரை இரும்பு இருக்கிறது, அதில் பெரும்பங்கு இரத்தத்தில். நாகம் (துத்தநாகம்) 2, 3 கிராம், செம்பு ஏறக்குறைய 100 மில்லிகிராம். இவை குறைந்தாலும் வருத்தம், கூடினாலும் வருத்தம். ஈயம் அப்படியில்லை. அதற்கு உடம்பில் ஒரு வேலையும் கிடையாது, இவ்வளவு இருந்தால் பரவாயில்லை என்று ஒரு அளவும் கிடையாது. ஒரு டெசிலீற்றர் இரத்தத்தில் 5 மைக்ரோகிராம் ஈயம் இருந்தாலே அது எங்கிருந்து வருகிறது என்று தேடிப் பிடிக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2021 இல் சொல்லியிருக்கிறது.

சரி, செல்லின் கோது பெரும்பாலும் உருக்கு, அந்தத் துண்டால் வலி வரலாம், சீழ் கட்டலாம், ஆனால் ஈயம் ஏறாது. துப்பாக்கிச் சன்னத்தில்தான் அனேகமாக ஈயம் இருக்கும். அது தசைக்குள் கிடந்தால் சுற்றிவர தழும்பு மூடி, கரைவது மிகவும் மெதுவாகும். முழங்கால், இடுப்பு, தோள் என்று மூட்டுக்குள் கிடந்தால் கதை வேறு: மூட்டு நீர் ஈயத்தைக் கரைக்கும், அசைய அசைய தேயும், பல வருடம் கழித்துக்கூட இரத்தத்தில் ஏறும். வயிற்று வலி, மலச்சிக்கல், சோர்வு, இரத்தம் குறைவது என்று வரும்போது அதைப் பழைய சன்னத்தோடு யார்தான் சேர்த்துப் பார்ப்பார்கள்?

எனக்கு அதிகம் கவலை தருவது பெண்களின் நிலைமை. உடம்பில் சேர்ந்த ஈயத்தில் 90 வீதத்துக்கும் மேல் எலும்பில்தான் போய் இருக்கும், வயிற்றில் பிள்ளை இருக்கும் காலத்தில் எலும்பு கல்சியத்தை விடும்போது ஈயமும் சேர்ந்து இறங்கிப் பிள்ளைக்குப் போகும். அன்று சின்னப் பிள்ளைகளாகக் காயப்பட்டவர்கள்தானே இன்று தாய்மார்.

அதனால் கிளினிக்குக்குப் போகும்போது பழைய எக்ஸ்ரே இருந்தால் கொண்டுபோங்கள், சன்னம் மூட்டுக்குள் இருக்கிறதா, இரத்தத்தில் ஈயம் பார்க்க முடியுமா என்று வாய்விட்டுக் கேளுங்கள். மூட்டுக்குள் இருப்பதை எடுக்கலாமா என்று இப்போது திரும்பவும் யோசிக்கச் சொல்லலாம், அன்றைய நிலைமை வேறு. அப்புறம் எம்ஆர்ஐ ஸ்கான் எழுதித் தந்தால், பீஸ் இருக்கிறது என்பதை உள்ளே போக முதலே சொல்லிவிடுங்கள், அந்த மெஷினின் காந்தம் இழுத்தால் உருக்குத் துண்டு இடம் மாறலாம்.