பஸ்ராவுக்குப் போன பெரியதாத்தா

ஜூன் 9, 2024

அத்தை வீட்டு ஊறுகாய் ஜாடியை மூடியிருப்பது ஒரு வெண்கல வட்டு. உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிது. புளி போட்டுத் தேய்த்ததும் சூலம் பிடித்த ஒரு பெண், காலடியில் சிங்கம், ஓரத்தைச் சுற்றி ஆங்கிலத்தில் 'சுதந்திரத்துக்காகவும் கௌரவத்துக்காகவும் உயிர்நீத்தார்' என்று தெரிந்தது. யாருடைய சுதந்திரம் என்று போடவில்லை. முதல் உலகப் போரில் இறந்தவர்களின் குடும்பங்களுக்கு பிரிட்டிஷ் அரசு அனுப்பியது. இது என் கொள்ளுத்தாத்தாவின் அண்ணனுக்காக வந்தது. சின்னக் கட்டத்துக்குள் அவர் பெயர் மட்டும் புடைத்து நிற்கிறது. செத்தவர்கள் எல்லோரும் சமம் என்பதால் பதவியைப் போடுவதில்லையாம்.

பதவி, எண், படைப்பிரிவு எல்லாம் அவருக்குத் தனியாகக் கொடுத்த போர்ப் பதக்கத்தின் விளிம்பில் இருந்திருக்கும். பதக்கம் எங்கே என்று கேட்டேன்.

"வெள்ளிடா அது. எங்க பாட்டி அப்பவே ஆசாரிகிட்ட குடுத்துக் கொலுசு பண்ணிக்கிச்சு."

ஜூன் 16

ஊருக்குப் போனேன். வேலூர்ப் பக்கத்துக் கிராமங்கள் பலவற்றில் இருப்பதுபோல எங்கள் ஊரிலும் ஒரு கல் இருக்கிறது. 1914 முதல் 1919 வரை இந்தக் கிராமத்திலிருந்து இத்தனை பேர் போருக்குப் போனார்கள், அதில் இத்தனை பேர் உயிர்விட்டார்கள். இரண்டு எண்கள், அவ்வளவுதான். பக்கத்தில் சீட்டாடிக்கொண்டிருந்த பெரியவர், "நம்ம ஊரு ஆளுங்கன்னா மெட்ராஸ் சேப்பர்ஸ்தான் தம்பி. பாலம் கட்டுறது, ரோடு போடுறது" என்றார்.

ஜூன் 23

காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் தேடினேன். 'சாமி' என்று முடியும் பெயர்; ஆங்கிலத்தில் ஒவ்வொரு எழுத்தரும் ஒவ்வொரு விதமாக எழுதியிருக்கிறார். பெயரை விட்டுவிட்டு வட ஆற்காடு, ஊர், தகப்பனார் பெயர் என்று பிடித்தேன். கிடைத்துவிட்டார்! சேப்பர், இரண்டாவது விக்டோரியா மகாராணி சேப்பர்ஸ் அண்டு மைனர்ஸ்; பெரியவர் சொன்ன மெட்ராஸ் சேப்பர்ஸ்தான். 1916 ஜூலை. இன்றைய ஈராக்கில் உள்ள பஸ்ரா நினைவுச் சின்னம்.

ஜூன் 24

ராத்திரி தூக்கமே வரவில்லை. பஸ்ரா சின்னம் 1929-இல் திறக்கப்பட்டது. மெசபடோமியாவில் (ஈராக்குக்கு அன்றைய பெயர்) இறந்து, கல்லறை இன்னதென்று தெரியாத 40,000-க்கும் மேற்பட்டவர்களுக்கானது. வெள்ளைக்காரர்கள் என்றால் சாதாரண சிப்பாய் வரை பெயர் உண்டு. இந்தியர்களில் சுபேதார், ஜமேதார் போன்ற அதிகாரிகளின் பெயர்களைச் செதுக்கிவிட்டு, அவற்றின் கீழே 'மற்றும் இத்தனை இந்திய வீரர்கள்' என்று முடித்துவிட்டார்கள். பெயர் தெரியாமல் விட்டிருந்தால்கூட மனசு ஆறும். தகப்பனார் பெயர், ஊர் வரைக்கும் பதிவேட்டில் எழுதி வைத்துக்கொண்டுதானே கல்லில் விட்டிருக்கிறார்கள்? வட்டில் இருந்த சமத்துவம் கல்லுக்கு வரவில்லை. 2021-இல் ஆணையமே இந்தப் பாரபட்சத்துக்கு மன்னிப்புக் கேட்டது. சரி, கேட்டார்கள்.

அந்தச் சின்னமும் இப்போது பழைய இடத்தில் இல்லை. 1997-இல் சதாம் உசேன் ஆட்சி அதைப் பெயர்த்து, நசிரியா போகும் சாலையில் பாலைவனத்துக்குள் கொண்டுபோய் வைத்தது.

ஜூலை 7

அத்தையிடம் சொன்னேன். குண்டடிபட்டுத்தானே செத்தார் என்றார். பதிவில் காரணம் இல்லை. 1916 ஏப்ரல் 29-இலேயே கூட் நகரத்தில் முற்றுகையில் இருந்த பிரிட்டிஷ் படை துருக்கியரிடம் சரணடைந்துவிட்டது. அந்தக் கோடையில் பெரிய சண்டை எதுவும் நடக்கவில்லை. வெயில், காலரா, காய்கறி இல்லாமல் ஈறு அழுகும் ஸ்கர்வி என்று ஆட்கள் செத்தார்கள். அத்தையிடம் வெயிலை மட்டும் சொன்னேன்.

"நம்ம ஊரு வெயில்ல பொறந்தவருக்கா?" என்றவர், அப்புறம் கேட்டது தேதியை. ஆடி முதல் வாரம், தேய்பிறை. இத்தனை காலமும் ஆடி அமாவாசையில்தான் அவருக்குப் படைக்கிறார்கள். இனி அந்த நாளிலேயே படைக்கலாமே என்றேன்.

"அமாவாசைக்கு வந்து பழகினவரு. நாளை மாத்தினா எங்கன்னு வருவாரு?"

லண்டன் தேசிய ஆவணக் காப்பகத்தில் படைப்பிரிவுகளின் அன்றாடப் போர்க்குறிப்புகள் இருக்கின்றன. இணையத்திலிருந்தே இறக்கிக்கொள்ளலாம். சேப்பர்களின் பெயரெல்லாம் அதில் எழுதமாட்டார்கள். அன்றைக்கு அவர்கள் ஆற்றின் எந்தக் கரையில் கிடந்தார்கள் என்று தெரிந்தால் போதும்.