கல்வியியல் கல்லூரியின் சமூக ஆலோசனைக் குழுவில் ஒரு தமிழ்ப் பள்ளிப் பொறுப்பாளர்

சிகாகோவின் மேற்குப் புறநகர்ப் பகுதியில் வார இறுதித் தமிழ்ப் பள்ளி ஒன்றை நடத்திவரும் பெற்றோர்களுள் நானும் ஒருத்தி. எங்கள் வட்டாரப் பல்கலைக்கழகம் ஒன்றின் கல்வியியல் கல்லூரி, தன் சமூக ஆலோசனைக் குழுவில் சேரும்படி என்னை அழைத்தது. அங்கே பேசிய ஒரு கருத்து ஆசிரிய மாணவர்களின் வகுப்பறை வரை போய்ச் சேர எவ்வழியாகச் செல்ல வேண்டியிருந்தது என்பதை, இதே போன்ற அழைப்பு வரக்கூடிய மற்றவர்களுக்காக எழுதி வைக்கிறேன்.

அழைப்பு வந்ததும் நான் முதலில் அறிய விரும்பியது, கல்லூரிக்கு எங்கள் ஆலோசனை எதற்காகத் தேவைப்படுகிறது என்பதைத்தான். அமெரிக்காவில் ஆசிரியர்களைத் தயார் செய்யும் கல்லூரிகள் பலவற்றுக்கு அங்கீகாரம் வழங்குவது கேப் என்னும் அமைப்பு. இதே பணியை முன்பு செய்துவந்த இரண்டு அமைப்புகளின் இணைப்பால் 2013இல் உருவான இது, ஏழு ஆண்டுகளுக்கு ஒருமுறை கல்லூரியை முழுமையாக மறுஆய்வு செய்கிறது. அதன் இரண்டாம் தரவிதி, களப் பயிற்சியைப் பள்ளிகளோடும் சமூகத்தோடும் கூட்டாக வடிவமைக்க வேண்டும் என்கிறது. ஐந்தாம் தரவிதி, திட்டத்தை மேம்படுத்தும் முடிவுகளில் வெளியாரையும் ஈடுபடுத்தியதற்குச் சான்று கேட்கிறது. ஆகவே எங்களை அழைத்ததில் மரியாதையோடு தேவையும் இருந்தது. முதல் கூட்டத்துக்கு முன்பே அந்தத் தரவிதிகளைப் படித்துவிட்டுச் சென்றது பின்னர் பெரிதும் பயன்பட்டது. எந்த யோசனையைச் சொன்னாலும், கல்லூரி காட்ட வேண்டிய எந்தச் சான்றுக்கு அது உதவும் என்பதையும் சேர்த்துச் சொல்ல என்னால் முடிந்தது.

குழுவில் பள்ளி மாவட்டக் கண்காணிப்பாளர் ஒருவர், ஆசிரியர் சங்கப் பிரதிநிதி, பொது நூலக இயக்குநர், ஒரு தேவாலயப் போதகர், பள்ளிவாசல் ஒன்றின் கல்விப் பொறுப்பாளர், ஸ்பானிய மொழி பேசும் பெற்றோர் அமைப்பைச் சேர்ந்த ஒரு தாய் ஆகியோர் இருந்தார்கள். கல்லூரித் தலைவரான டீன் கூட்டத்தைத் தொடங்கி வைப்பார். களப் பயிற்சி இயக்குநரும் சில பேராசிரியர்களும் உடனிருந்து கேட்பார்கள்.

இந்தக் குழுவுக்கு வாக்குரிமை இல்லை. பாடத்திட்டத்தை மாற்றும் அதிகாரம் பேராசிரியர்களிடமே இருக்கிறது. ஒரு புதிய பாடம் வேண்டுமென்றால் அது முதலில் துறையிலும், அடுத்துக் கல்லூரியின் பாடத்திட்டக் குழுவிலும், அதன் பின் பல்கலைக்கழக அளவிலான குழுவிலும் ஒப்புதல் பெற வேண்டும். ஆசிரியர் உரிமத்தைப் பாதிக்கும் மாற்றமாக இருந்தால் மாநிலக் கல்வி வாரியத்தின் பார்வைக்கும் போக வேண்டும். இதை அறியாமல் "இந்த மாணவர்களுக்கு எங்கள் பண்பாட்டைப் பற்றி ஒரு பாடம் வைக்கலாமே" என்று சொன்னால், எல்லோரும் ஆர்வத்தோடு கேட்பார்கள், குறிப்பேட்டிலும் எழுதிக்கொள்வார்கள், ஆனால் அது அதற்கு மேல் நகராது. ஏற்கெனவே இருக்கும் ஒரு பாடத்துக்குள் ஒரு பயிற்சியை மாற்றுவது அப்படியல்ல. அந்தப் பாடத்தை நடத்தும் பேராசிரியரும் துறையும் மனம் வைத்தால் அடுத்த பருவத்திலேயே அது நடந்துவிடும். களப் பயிற்சி இயக்குநர் இந்த வேறுபாட்டை எனக்குப் பொறுமையாக விளக்கினார். புதிதாகச் சேரும் எவருக்கும் முதல் நாளிலேயே சொல்லித்தர வேண்டிய செய்தி இது என்றே நான் கருதுகிறேன்.

நான் கொண்டுபோனது வீட்டுமொழிப் படிவம் பற்றிய யோசனை. இல்லினாய்ஸில் ஒரு குழந்தையைப் பொதுப் பள்ளியில் சேர்க்கும்போது, வீட்டில் ஆங்கிலம் தவிர வேறு மொழி பேசப்படுகிறதா, குழந்தை வேறு மொழி பேசுகிறதா என்று இரண்டு கேள்விகள் கேட்கிறார்கள். ஒன்றுக்கு ஆம் என்றாலும் குழந்தைக்கு விடா (WIDA) என்னும் மொழித் தேர்வு வைத்து ஆங்கிலத் திறனைப் பார்க்கிறார்கள். திறன் போதாதென்றால் மொழி ஆதரவு வகுப்பு தருகிறார்கள். அதன் பின் ஆண்டுதோறும் நடக்கும் தேர்வில் ஒட்டுமொத்தமாக 4.8 மதிப்பைத் தொடும் வரை அக்குழந்தை ஆங்கிலம் கற்பவர் பட்டியலில் இருக்கும். எங்கள் தமிழ்ப் பள்ளிப் பெற்றோர் பலர், பிள்ளையைப் பின்தங்கியவன் என்று ஒதுக்கிவிடுவார்களோ என்று அஞ்சி இரண்டு கேள்விகளுக்கும் இல்லை என்றே எழுதிவிடுகிறார்கள். வீட்டில் தமிழ் மட்டுமே பேசிவந்த ஐந்து வயதுக் குழந்தை எந்த உதவியும் இல்லாமல் வகுப்பில் மௌனமாக உட்கார்ந்திருக்கும் நிலை இப்படித்தான் உண்டாகிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் என் மனம் பொறுப்பதில்லை.

அந்தப் பதிலின் விளைவு ஒரு குழந்தையோடு நிற்பதுமில்லை. இம்மாநிலச் சட்டப்படி, ஒரு பள்ளியில் ஒரே மொழியைப் பேசும் ஆங்கிலம் கற்கும் மாணவர்கள் 20 பேரோ அதற்கு மேலோ இருந்தால், அப்பள்ளி அந்த மொழியிலும் கற்பிக்கும் இருமொழித் திட்டத்தை நடத்த வேண்டும். இல்லை என்று எழுதப்படும் ஒவ்வொரு படிவமும் அந்த எண்ணிக்கையிலிருந்து ஒரு குழந்தையைக் குறைத்துவிடுகிறது. மொழி ஆதரவு வகுப்பு வேண்டாம் என்று மறுக்கும் உரிமை பெற்றோருக்கு உண்டு என்பதும், மறுத்தாலும் ஆண்டுத் தேர்வு தொடரும் என்பதும் எங்களிடையே மிகச் சிலருக்கே தெரிந்திருந்தது. இவற்றைப் பெற்றோருக்கு விளக்க வேண்டியவர் வகுப்பாசிரியர். அவரோ பயிற்சிக் காலத்தில் இப்படி ஓர் உரையாடலை ஒருமுறைகூட நடத்திப் பார்க்காமலே பள்ளிக்கு வந்துவிடுகிறார்.

ஆகவே நான் கேட்டது இதுதான்: ஆங்கிலம் கற்கும் மாணவர்களுக்குக் கற்பித்தல் பற்றிய பாடத்தில், ஆசிரிய மாணவர் ஒவ்வொருவரும் ஒரு குடும்பத்தோடு அமர்ந்து, வயது வந்த மொழிபெயர்ப்பாளர் ஒருவரின் துணையோடு, இந்தப் படிவத்தையும் தேர்வையும் விளக்கிப் பழக வேண்டும். இந்தப் பாடத்தில் களப்பயிற்சி மணிநேரம் முன்பே உண்டு என்பதால், அதில் ஒரு பகுதியை இதற்கு ஒதுக்கினால் போதுமானதாக இருந்தது.

பேராசிரியர்களின் தயக்கங்கள் நியாயமானவை. குடும்பங்களைக் காட்சிப் பொருளாக்கிவிடக் கூடாது என்றார் ஒருவர். மாணவர் பதிவேடுகளின் ரகசியத்தைக் காக்கும் 1974ஆம் ஆண்டுக் கூட்டரசுச் சட்டத்தை இன்னொருவர் நினைவூட்டினார். மொழிபெயர்ப்பாளருக்கான பணம் எங்கிருந்து வரும் என்ற கேள்வியும் எழுந்தது. ஸ்பானிய மொழிப் பெற்றோர் அமைப்பைச் சேர்ந்த அந்தத் தாய், பள்ளி அலுவலகத்தில் பத்து வயது மகனை மொழிபெயர்க்க வைத்தே எல்லாவற்றையும் கேட்டு அறிந்த தன் அனுபவத்தைச் சொன்ன பிறகு, அறையின் பேச்சே வேறு திசைக்குப் போயிற்று. அதற்குப் பின் வந்த கேள்விகள் எல்லாம் இதை எப்படிச் சரியாகச் செய்வது என்பதைப் பற்றியவையாகவே இருந்தன.

பல சுற்றுப் பேச்சுக்குப் பிறகு வடிவம் தெளிவானது. பெற்றோர் தாமாக முன்வந்தால் மட்டுமே பங்கேற்பார்கள். எந்தக் குழந்தையின் மதிப்பெண்ணோ பதிவேடோ மேசைக்கு வராது. வெற்றுப் படிவமே பயன்படும். அனுபவமுள்ள ஆசிரியர் ஒருவர் ஒவ்வொரு மேசையிலும் இருக்க வேண்டும் என்றார் ஆசிரியர் சங்கப் பிரதிநிதி. பெற்றோரின் நேரத்துக்கும் மொழிபெயர்ப்பாளரின் உழைப்புக்கும் கல்லூரி ஊதியம் தர வேண்டும் என்பதில் நான் விட்டுக்கொடுக்கவில்லை. சமூகத்தினர் அன்பினால் செய்துவிடுவார்கள் என்ற எதிர்பார்ப்பு தொடக்கத்தில் இனிமையாகத் தெரிந்தாலும், ஓராண்டுக்குள் அதே நாலு பேரைக் களைப்படையச் செய்துவிடும். உரையாடல் முடிந்ததும் பெற்றோர் தம் மொழியிலேயே ஒரு மதிப்பீட்டுத் தாளை நிரப்புவார்கள். அந்தத் தாள்கள்தான் அங்கீகார ஆய்வின்போது கல்லூரி காட்டக்கூடிய சான்றாகவும் அமையும் என்று நான் எடுத்துச் சொன்னபோது, டீன் உடனே அதைத் துறையின் பார்வைக்கு அனுப்பினார்.

முதல் அமர்வில் ஆசிரிய மாணவர்கள் பெரும்பாலும் படிவத்தை வரிக்கு வரி படித்துக் காட்டினார்கள். இரண்டாம் அமர்வில் அவர்களுள் சிலர், "உங்கள் குழந்தை யாரிடம் எந்த மொழியில் அதிகம் பேசுகிறது?" என்று கேட்டுத் தொடங்கினார்கள். அந்த ஒரு கேள்விக்குப் பாட்டி, தாத்தா, பக்கத்து வீட்டார் என்று பெற்றோர் தயக்கமின்றிப் பேச ஆரம்பித்ததை நான் நேரில் கண்டேன். தமிழ் பேசுவது குறையாகப் பதிவாகாது, மொழி ஆதரவு என்பது தண்டனையாகாது என்பதைத் தம் பிள்ளைக்கு நாளை பாடம் நடத்தக்கூடிய ஒருவரின் வாயால் கேட்பதற்கும், என்னைப் போன்ற ஒருத்தி தமிழ்ப் பள்ளியில் சொல்லிக் கேட்பதற்கும் பெரிய வேறுபாடு உண்டு.

குழுவில் பேசிய எல்லாமே இவ்வாறு நிறைவேறிவிடவில்லை. பயிற்சிப் பருவம் முழுவதும் ஊதியமின்றி முழுநேரம் பள்ளியில் நிற்க வேண்டியிருப்பதால், வேலை பார்த்துக்கொண்டே படிக்கும் மாணவர்கள் ஆசிரியப் படிப்பையே கைவிடுகிறார்கள் என்று போதகர் மீண்டும் மீண்டும் வலியுறுத்தினார். மாணவ ஆசிரியர்கள் ஊதியம் பெறுவதற்கு இல்லினாய்ஸ் சட்டம் 2019 முதல் இடம் கொடுக்கிறது. ஆயினும் பணத்தை யார் தருவது என்பதை அச்சட்டம் தீர்த்துவைக்கவில்லை. பள்ளி மாவட்டமும் கல்லூரியும் இன்னும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கின்றன. ஆசிய அமெரிக்க வரலாற்றைப் பொதுப் பள்ளிகளில் கற்பிக்க வேண்டும் என்று 2021இல் இம்மாநிலம் சட்டம் இயற்றியதைத் தொடர்ந்து, அதற்கு ஆசிரிய மாணவர்களைத் தயார் செய்யும் பாடக்கூறு ஒன்றும் துறையின் பரிசீலனையில் இருக்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை நம்மவர் ஒருவர் வந்து பேசிவிட்டுப் போகும் நிகழ்ச்சியாக அது சுருங்கிவிடக் கூடாது என்று நானும் பள்ளிவாசல் கல்விப் பொறுப்பாளரும் எழுத்துப்பூர்வமாகவே கேட்டிருக்கிறோம்.

குழுவில் என் பொறுப்புக்காலம் இந்தக் கல்வியாண்டோடு முடிகிறது. வீட்டுமொழி உரையாடலைத் தெலுங்கு, உருது பேசும் குடும்பங்களோடும் நடத்த இசைவு கிடைத்திருக்கிறது. மொழிபெயர்ப்பாளர்களைத் தேடும் பணி நடக்கிறது. என் இடத்துக்குக் கல்லூரி வேறொருவரைக் கேட்டிருக்கிறது. எங்கள் பள்ளியில் மழலை நிலை வகுப்பு எடுக்கும் ஓர் இளம் தாயின் பெயரை நான் பரிந்துரைத்திருக்கிறேன். கேப் தரவிதிகளின் பிரதியையும், இதுவரை வந்த பெற்றோர் மதிப்பீடுகளின் சுருக்கத்தையும், துறையின் பாடத்திட்டக் கூட்டங்கள் எந்த மாதங்களில் நடக்கின்றன என்ற குறிப்பையும் அவரிடம் ஒப்படைத்துவிட்டேன்.